பழைய பாய்ப்படகின் மரச்சட்டங்கள்: கழற்றலும் செப்பனிடலும்

பாய்ப்படகு ஒன்று முதுமை எய்தும்போது அதன் அடையாளம் முதன்முதலில் மரச்சட்டங்களிலேயே தோன்றுகிறது. பொன்னிறமாக இருந்த தேக்கு சாம்பல் நிறமாகிறது. மெருகு செதில் செதிலாக உரிகிறது. திருகாணிகளைச் சுற்றிக் கருமை படர்கிறது. இதனை அழகுக்குறை என்று மட்டும் கருதி, மேலே ஒரு பூச்சு வார்னிஷ் தடவி அமைதியடைவோர் பலர். இது பெரும் பிழையாகும். மரச்சட்டம் அணிகலன் அன்று. ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் படகின் தளத்தை ஊடுருவிச் செல்லும் துளைகள் பல உள்ளன. சட்டமும் அதன் அடியில் இடப்பட்ட அடைப்புப் பசையும் சேர்ந்தே அத்துளைகளின் வழியாக நீர் புகாது காக்கின்றன. எனவே மரம் கெட்டதெனத் தோன்றும்போது, அதன் கீழே நம் கண்ணுக்குப் புலப்படாத கேடு ஒன்று முன்னரே தொடங்கியிருக்கக்கூடும்.

இதனை மனத்திற் கொண்டு, மரச்சட்டங்களைச் சேதமின்றிக் கழற்றுவது எவ்வாறு, செப்பனிடுவது எவ்வாறு, மீண்டும் பொருத்துவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். பயிற்சிப் படகுகளைப் பராமரிக்கும் களப்பணியாளர்க்கும், தச்சு வேலை கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பயன்படும்.

படகும் அதன் மரமும்

முற்காலத்தில் படகு முழுவதும் மரமாகவே இருந்தது. நம் நாட்டுத் தேக்கின் உறுதிக்குச் சான்றாக ஒரு கப்பலைக் குறிப்பிடலாம். 1817-ஆம் ஆண்டு பம்பாய்க் கப்பல் தளத்தில், மலபார்த் தேக்கினால் கட்டி நீரில் இறக்கப்பட்டது ‘டிரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல். அது இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது.

1950-களின் இறுதியில் கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்க்கப்பட்ட படகுகள் பெருகத் தொடங்கின. கார்ல் ஆல்பெர்க் என்பவரது வரைபடத்தின்படி அமெரிக்காவில் 1959-ஆம் ஆண்டு முதல் கட்டப்பட்ட ‘டிரைட்டன்’ என்னும் 28 அடிப் படகு இவ்வகையில் பெயர் பெற்றது. இத்தகைய படகுகளில் உடல் கண்ணாடியிழையால் ஆனது. ஆயினும் விளிம்புகளும் கைப்பிடிகளும் தேக்கு அல்லது மகோகனி மரத்தால் அமைந்தன. அக்காலப் படகுகள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றின் மரப்பகுதிகளே நம் ஆராய்ச்சிக்குரியவை.

அவற்றுள் முக்கியமானவை நான்கு. முதலாவது, படகின் வெளிவிளிம்பைச் சுற்றிச் செல்லும் உரசு பட்டை. துறையில் மோதும்போது அடியைத் தாங்குவது இதுவே. இரண்டாவது, தளத்தின் ஓரத்தில் கால் வழுக்காதபடி தடுக்கும் ஓரச்சட்டம். மூன்றாவது, கூரையின்மேல் அமைந்த கைப்பிடிச் சட்டம். நான்காவது, படகோட்டி அமரும் குழியைச் சுற்றி அலைநீரைத் தடுக்கும் தடுப்புப் பலகை. இவற்றுள் கைப்பிடிச் சட்டத்தைத் தனியே கருதவேண்டும். படகு சாயும்போது மாணவன் ஒருவன் தன் முழு எடையையும் தாங்கும்படி பற்றுவது அதனையே. அதன் திருகாணிகள் உள்ளே அரித்துப்போயிருந்தால், மேலே எத்துணை மெருகு பூசியிருந்தாலும் பயன் இல்லை.

சிதைவின் காரணங்கள்

மரம் கெடுவதற்கு ஒரு காரணம் அன்று, நான்கு காரணங்கள் ஒன்று சேர்கின்றன.

முதற்காரணம் சூரிய ஒளி. அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மர இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்த பொருளை மழைநீர் கழுவிச் செல்கிறது. எஞ்சிய வெளிறிய இழைகளே சாம்பல் நிறமாகத் தோன்றுகின்றன.

இரண்டாவது காரணம் ஈரம். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 சதவீதத்திற்குக் கீழ் இருக்கும்வரை, மரத்தை உளுத்துப்போகச் செய்யும் காளான்கள் அதில் வளர்வதில்லை. அதற்கு மேல் ஈரம் நிலைத்து நின்றால் அவை வேரூன்றுகின்றன.

மூன்றாவது காரணம் மரத்தின் அசைவு. மரம் ஈரத்தை ஏற்கும்போது விரிகிறது; உலரும்போது சுருங்குகிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், வளையங்களுக்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் ஏற்படும் மாற்றம் மிகச் சொற்பம். 10 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்று கோடைக்கும் மழைக்காலத்திற்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ. அளவு அகலத்தில் மாறக்கூடும். ஆனால் அதன் கீழுள்ள கண்ணாடியிழைத் தளம் ஈரத்தால் அவ்வாறு விரிவதில்லை. ஒன்று அசைய மற்றொன்று அசையாதிருப்பதால், இடையிலுள்ள பசை ஆண்டுதோறும் இழுபட்டு ஈற்றில் பிரிகிறது. நீர் புகும் வாயில் அதுவே.

நான்காவது காரணம் உலோகத்தின் அரிப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீர் படும்போது அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, எஞ்சிய செம்பு சிவந்து நுண்துளை நிறைந்ததாகிறது. இத்தகைய திருகாணி பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். முறுக்கிய உடனே தலை ஒடியும். துருப்பிடிக்காத எஃகும் முற்றிலும் அச்சமற்றது அன்று. காற்றோட்டம் இல்லாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அதுவும் குழிந்து அரிக்கப்படும்.

கழற்றுமுன் செய்யவேண்டியவை

கருவியைக் கையில் எடுக்குமுன் தாளையும் எழுதுகோலையும் எடுத்தல் நலம். படகின் மேற்பார்வைப் படம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு சட்டத்திற்கும் எண் இடுக. அணியத்தை நோக்கிய முனை எது, இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்பவற்றைச் சட்டத்தின் அடிப்பக்கத்திலும் குறித்தல் வேண்டும். புகைப்படங்கள் எடுத்து வைப்பதும் நன்று. கழற்றப்படும் திருகாணிகளைச் சட்டவாரியாகத் தனித்தனிப் பைகளில் இட்டு எண் எழுதுக. அவை மீண்டும் பயன்படாவிடினும், அவற்றின் நீளமும் பருமனும் புதியன வாங்க வழிகாட்டும்.

அடுத்து, சட்டம் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதை ஆராய்தல் வேண்டும். சட்டத்தின் மேற்பரப்பில் சம இடைவெளியில் சிறு வட்டங்கள் தெரியும். அவை திருகாணித் தலைகளை மறைக்கும் மரத்துண்டுகள். இவற்றை இக்கட்டுரையில் மூடுமுளை என அழைப்போம். படகின் உட்புறமும் பார்க்கவேண்டும். உட்கூரையின் அடியில் மறைகள் தென்பட்டால், அவ்விடங்களில் உள்ளவை திருகாணிகள் அல்ல, ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகள் என்பது தெளிவு. அவற்றைக் கழற்ற இருவர் தேவை. ஒருவர் மேலே திருப்புளியைப் பிடிக்க, மற்றவர் உள்ளே மறையைச் சுழற்றுவார்.

கழற்றும் முறை

இவ்வேலைக்கு ஒரே விதி உண்டு: மரத்தை இழுக்கலாகாது, அதனைப் பிணைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கவேண்டும்.

மூடுமுளையை எடுக்க, அதன் நடுவில் துறப்பணத்தால் சிறு துளை இடுக. அதில் ஒரு மெல்லிய திருகாணியை மெதுவாகச் செலுத்துக. அதன் நுனி கீழுள்ள திருகாணித் தலையைத் தொட்டதும், மேலும் சுழற்றச் சுழற்ற முளை தானாகவே மேலெழும். முளை துண்டுபட்டால், சிற்றுளியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் செதுக்குக. ஓரத்திலிருந்து நெம்பினால் துளையின் விளிம்பு சிதையும். பின்னர் இடும் புதிய முளை அதில் இறுகப் பொருந்தாது.

முளை நீங்கியபின் திருகாணித் தலையின் வெட்டில் படிந்துள்ள பசையையும் மெருகையும் கூரிய ஊசியால் நீக்குக. வெட்டின் அகலத்திற்கும் நீளத்திற்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துக. முதலில் திருகாணியை இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பி, அதன் பிடி விட்டபின் எதிர்த்திசையில் திருப்புதல் அனுபவமிக்க தச்சர்களின் வழக்கம். அசையாவிட்டால் திருப்புளியின் தலையில் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டலாம். அல்லது பற்றாசுக் கோலைத் திருகாணித் தலைமேல் சில நிமிடம் வைத்துச் சூடேற்றலாம். தலை ஒடிந்த திருகாணியை அதற்காகச் சட்டத்தை உடைத்து எடுக்கவேண்டியதில்லை. சட்டம் நீங்கியபின் எஞ்சிய தண்டைப் பிடிகுறடால் பற்றித் திருப்பலாம்.

எல்லாத் திருகாணிகளும் நீங்கியபின்னும் சட்டம் பழைய பசையால் ஒட்டியிருக்கும். மெல்லிய தகட்டுக் கத்தியை இணைப்பில் செருகி, அதன் பின்னே மர ஆப்பு ஒன்றை வைக்க. ஒரு சாண் தள்ளி மற்றோர் ஆப்பு. இவ்வாறு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக உட்செலுத்தி, இடையே காத்திருக்கவேண்டும். பசை ஒரே அடியில் விடாது. தொடர்ந்த மென்மையான அழுத்தத்திற்கே விட்டுக்கொடுக்கும். ஓரிடத்தில் ஆப்பு முன்னேற மறுத்தால் அங்கே காணாத திருகாணி ஒன்று இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். வலிமையைக் கூட்டாது, அதனைத் தேடுக. பழைய சட்டங்கள் பிளவுபடுவது பெரும்பாலும் இத்தருணத்திலேதான்.

படகின் வளைவுக்கேற்ப வளைந்த நீண்ட சட்டங்களை எடுத்த உடனே, அதே வளைவில் ஒரு பலகைமேல் கட்டி வைக்கவேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு மாறி, மீண்டும் பொருந்த மறுக்கும்.

துளைகளே முதற்கவனம்

சட்டத்தைக் கழற்றியவுடன் பலரது கவனமும் மரத்தின்மேல் செல்லும். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது அது நீங்கிய இடத்தையே. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் தளம் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளால் ஆனது. இடையில் பால்சா என்னும் இலேசான மரம் நிரப்பப்பட்டிருக்கும். இவ்வமைப்பு தளத்திற்கு எடைக்குறைவையும் விறைப்பையும் தருகிறது. துளை வழியே நீர் புகுந்தால் பால்சா ஊறி உளுத்துப்போகும். அப்போது தகடுகள் இரண்டும் தனித்தனியாக நெகிழ, தளம் காலடியில் அமுங்கும்.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. சிறு மரச்சுத்தியின் கைப்பிடியால் தளத்தைத் தட்டிக் கேட்க. நல்ல இடம் கணீரென ஒலிக்கும். ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். துளையில் பழுப்பு நிற நீர் கசிந்தால் ஐயமே வேண்டாம்.

கேடு துளையைச் சுற்றிச் சிறிதளவே பரவியிருந்தால், மேல்தகட்டுத் துளையின் வழியே வளைந்த ஆணியைத் துறப்பணத்தில் பொருத்திச் சுழற்றி, சுற்றிலும் உள்ள ஊறிய பால்சாவை நீக்குக. குழி நன்கு உலரவேண்டும். இதற்கு வெயில் நாட்களில் சில வாரங்களும் ஆகலாம். பின்னர்க் கீழ்த்துளையை ஒட்டுநாடாவால் மூடி, எப்பாக்ஸிப் பிசினுடன் கெட்டிப்படுத்தும் பொடியைக் கலந்து குழியை நிரப்புக. அது இறுகியபின் நடுவே புதுத் துளை இட்டால், திருகாணிக்கும் பால்சாவுக்கும் இடையே நீர் ஊடுருவாத சுவர் ஒன்று அமைந்துவிடும். இனி என்றேனும் அடைப்புப் பசை தோல்வியுற்றாலும் நீர் உள்ளே சொட்டுமேயன்றித் தளத்தை அழிக்காது. கேடு பரந்திருந்தால் தகட்டை வெட்டித் திறந்து செப்பனிடவேண்டும். அது தனியொரு பாடமாகும்.

மரத்தைத் தூய்மை செய்தல்

பழைய மெருகைச் சுரண்டுதகட்டால் இழையோட்டத்தின் வழியே சுரண்டி நீக்குக. பின்னர் உப்புத்தாளால் 80, 120, 180, 220 என்னும் எண் வரிசையில் தேய்த்தல் வேண்டும். சட்டத்தின் விளிம்பு வளைவு மழுங்காதபடி உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்ப்பது நன்று. தேவைக்கு மேல் தேய்க்கலாகாது. ஒவ்வொரு முறையும் மரம் மெலிகிறது. மூடுமுளையின் ஆழம் குறைகிறது.

தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் உண்டாக்கும். பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கக்கூடும். எனவே மூக்கையும் வாயையும் மூடும் தூசிக்கவசம் இன்றியமையாதது. பழைய வண்ணப்பூச்சு இருப்பின் ஈரத்துடன் தேய்த்துத் தூசி எழாமல் தடுக்கவேண்டும்.

இரும்புத் துரு பட்ட இடங்களில் காணும் கருங்கறை, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டான சேர்க்கையாகும். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவினால், அது இரும்பைக் கரையும் பொருளாக மாற்றிக் கறையை நீக்கும். பின்னர் நல்ல நீரால் பன்முறை கழுவுக. இவ்வமிலம் நச்சுத்தன்மை உடையது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாளவேண்டும். மாணவர் கையில் கொடுத்தல் ஆகாது.

விரிசல்களையும் உடைவுகளையும் எப்பாக்ஸியால் ஒட்டலாம். ஆனால் தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். உளுத்த பகுதியை வெட்டிப் புதுத்துண்டு இணைப்பதாயின், நேராக வெட்டி முட்டவைத்தல் கூடாது. சட்டத்தின் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்திற்குச் சரிவாக இழைத்து இணைத்தால் ஒட்டும் பரப்பு பெருகி இணைப்பு உறுதிபெறும்.

மெருகு

மெருகு பூசுவதன் நோக்கம் பளபளப்பு மட்டும் அன்று. ஒளியையும் ஈரத்தையும் தடுப்பதே. புற ஊதாக் கதிரைத் தாங்கும் கடற்படகு வார்னிஷையே தேர்ந்தெடுக்கவேண்டும். முதற்பூச்சுக்கு அதற்குரிய கரைப்பானை ஏறத்தாழச் சம அளவு கலந்து நீர்க்கச் செய்க. அது இழைகளுக்குள் ஊறும். இரண்டாவதில் கரைப்பானைக் குறைத்து, மூன்றாவது முதல் முழுச் செறிவில் பூசுக. ஆறு முதல் எட்டுப் பூச்சுகள் தேவை. ஒவ்வொன்றும் உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசு துடைத்து, அடுத்ததைப் பூசவேண்டும். கடும் வெயிலிலும், பனி படியும் மாலையிலும் பூசுதல் தகாது.

சட்டத்தைக் கழற்றியதால் நாம் பெற்ற பெரும் வாய்ப்பு ஒன்று உண்டு. அடிப்பக்கம், முனைகள், திருகாணித் துளைகளின் உட்சுவர் ஆகியவை இப்போது வெளிப்பட்டுள்ளன. இவற்றிற்கும் மெருகு பூசுக. மரம் நீரை மிக விரைவாக உறிஞ்சுவது இழைகள் வெட்டுண்ட முனைகளின் வழியாகத்தான்.

ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைக்கலாகாது. எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேரும்போது வெப்பம் உண்டாகி, துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்துக. அல்லது நீர் நிறைந்த மூடிய பாத்திரத்தில் இடுக.

மீண்டும் பொருத்தல்

முதலில் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, எல்லாத் துளைகளும் நேர்ப்படுகின்றனவா என அறிக. தளத்தின் ஒவ்வொரு துளை வாயையும் சற்றே சரிவாக அகலப்படுத்துக. அப்பள்ளத்தில் தங்கும் பசை திருகாணியைச் சுற்றி மோதிரம் போல் அமைந்து நீரைத் தடுக்கும். பித்தளைக்கு மாறாகச் சிலிக்கான் கலந்த வெண்கலத் திருகாணியையோ, 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையோ பயன்படுத்துக.

அடைப்புப் பசையின் தேர்வில் எச்சரிக்கை தேவை. தேக்கிற்குப் பாலிசல்பைடு வகை ஏற்றது. மரத்தின் அசைவுக்கு அது இடங்கொடுக்கும். நிலையாக ஒட்டும் பாலியூரிதேன் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது மரமோ தளமோ கிழியும். சிலிக்கோன் பசையும் வேண்டாம். அது விட்டுச் செல்லும் படிவின்மேல் வேறு பசையோ மெருகோ ஒட்டாது. பசையைத் தாராளமாக இட்டு, நடுவிலிருந்து முனைகளை நோக்கித் திருகாணிகளை இறுக்குக. சட்டத்தின் இருபுறமும் பசை இடைவெளியின்றிப் பிதுங்கினால் வேலை செம்மையாயிற்று என அறியலாம். பசை முழுவதும் பிதுங்கிவிடும்படி மிகையாக இறுக்குதல் தவறு.

இறுதியாக மூடுமுளைகளைச் சட்டத்தின் இழையோட்டத்திற்கு இணையாக அமைத்து, வார்னிஷில் தோய்த்துச் செருகுக, எப்பாக்ஸியால் ஒட்டாதீர். உலர்ந்தபின் மிகுந்த பகுதியை உளியால் சீவி மட்டப்படுத்துக.

ஆசிரியர்க்கு இரு சோதனைகள்

ஒன்று: தேக்குப் பலகையிலிருந்து 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை அறுத்து, இழையின் நெடுக்கிலும் குறுக்கிலும் நுட்பமாக அளந்து குறிக்கச் செய்க. மூன்று நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் அளக்கச் செய்க. குறுக்களவு மாறியிருப்பதையும், நெடுக்களவு ஏறத்தாழ மாறாதிருப்பதையும் மாணவர் தாமே காண்பர். பசை ஏன் பிரிகிறது என்னும் வினாவுக்கு அவர்களே விடை கூறுவர்.

இரண்டு: கடுந்தேயிலை வடிநீரில் இரும்பாணிகளை இரவு முழுதும் இட்டு வைத்தால் நீர் கருமையாகும். அதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கக் கருமை குறையும். மரத்தில் கறை தோன்றுவதும் அமிலத்தால் அது நீங்குவதும் இவ்வாறே என விளக்கலாம்.

முடிவுரை

மேற்கூறிய முறைகளில் ஒரு பொதுக்கருத்து அடங்கியிருப்பதை வாசகர் உணர்ந்திருக்கலாம். மூடுமுளையை வார்னிஷால் ஒட்டுவதும், நிலையாகப் பிடிக்கும் பசையை விலக்குவதும், திருகாணியின் அளவைக் குறித்து வைப்பதும் எதற்காக? இச்சட்டம் இன்னும் பத்து அல்லது இருபது ஆண்டுகளில் மீண்டும் கழற்றப்படவேண்டும். அன்று அதனைக் கழற்றுபவர் நாமாக இருக்கமாட்டோம்; இன்று நம்மிடம் பயிலும் மாணவனாக இருக்கலாம். முன்னொருவர் எபாக்ஸியால் அடைத்துவிட்ட ஒரு முளையைத் தோண்டி எடுக்க அரைநாள் உழைத்தவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கழற்ற முடியாதபடி பொருத்துவது உறுதியன்று. நீரை விடாது, கழற்றுவோர்க்கு வழிவிடும்படி பொருத்துவதே நல்ல வேலையாகும். வரைந்த படத்தையும் குறிப்புகளையும் படகின் பதிவேட்டோடு சேர்த்து வைப்பதுடன் பணி நிறைவுறுகிறது.